சட்டம் சொல்வதும் வீடு சொல்ல வேண்டியதும்



இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை மாமியார் மருமகள் மனத்தாங்கல், பிள்ளைகளின் படிப்பு, குடிப்பழக்கம் ஆகியவை பற்றியவை. சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் வேறு வகையினது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை, ஊரும் இல்லை. கோடிட்ட பள்ளி நோட்டுத் தாளில், அடித்தும் திருத்தியும் எழுதிய நான்கு பக்கங்கள். எழுதியவர் ஒரு தாய்.

அவருடைய மகளுக்கு வயது 22. வெளியூரில் வேலை, மகளிர் விடுதியில் வாசம். விடுமுறைக்கு வந்தவள் ஓர் இரவு தாயின் காலடியில் அமர்ந்து, தான் கருவுற்று இரண்டு மாதங்கள் கடந்துவிட்டதைச் சொல்லி அழுதிருக்கிறாள். மணந்துகொள்வதாக வாக்களித்தவன் இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லையாம். தந்தைக்குச் செய்தி தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும், இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும்" என்று அவன் சொல்கிறானாம். தாய் கேட்கும் கேள்விகள் இவை: இது சட்டப்படி குற்றமா? போலீசார் வீடு தேடி வருவார்களா? என் கணவரின் கையெழுத்து வேண்டுமா? மகளின் உயிருக்கு ஆபத்து உண்டா? பங்குத் தந்தையிடம் சொன்னால், இனிக் கோயிலுக்கு வராதே என்பாரா?

முகவரி இல்லாததால் தனியே மறுமொழி எழுத வழியில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இப்பொருளை இவ்விதழில் எழுதலாமா என்று தயங்குவோர் இருக்கக்கூடும். அத்தயக்கத்தின் விலை என்ன என்பதை என் இளமையிலேயே கண்டிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1970களின் பிற்பகுதி. நாங்கள் குடியிருந்த தெருவில் நான்கு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு சகோதரி இருந்தார். கணவருக்கு நிலையான வருமானம் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி வாசலோரம் நிற்பார். ஐந்தாம் முறை கருவுற்றதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே மருந்து கொடுக்கும் ஒரு கிழவியிடம் சென்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பிறகு ஜன்னி பிறந்தது. ஏழாம் நாள் அடக்கம் செய்தோம். விஷக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. என் அன்னையார் வாயிலாகப் பின்னரே உண்மை தெரிய வந்தது.

அந்நாளில் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் அரசு மருத்துவமனையும் இருந்தது. அங்கே ஒரு மருத்துவரின் முன் அமர்ந்து அச்சமின்றிப் பேசலாம் என்பதை அச்சகோதரி அறியார். அவர் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியாமல் இருந்தது என்பதை, அவரோடு ஒரே கோயிலில் முழந்தாளிட்ட நாங்களும் அறியோம். இந்த இரண்டு அறியாமைகளும் சேர்ந்தே அவர் உயிரைக் குடித்தன என்று இன்றும் எண்ணுகிறேன். அந்தத் தாயின் கடிதத்தைப் படித்தபோது, வாசலோரம் நின்ற அந்த முகமே என் கண்முன் வந்தது.

முதலில் அந்த மாத்திரை

அம்மா, உங்கள் மகனை அந்த மாத்திரையை வாங்கவிடாதீர்கள். அறநெறி பற்றிப் பின்னர்ப் பேசுவோம். முதலில் உங்கள் மகளின் உயிரைப் பற்றிப் பேசுவோம்.

மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் கருவைக் கலைக்கும் முறை உண்டு. மிஃபெப்ரிஸ்டோனுக்கு இந்தியாவில் 2002ஆம் ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது. இம்மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. 9 வாரங்கள் வரையிலான கருவுக்கே இம்முறை நம் நாட்டின் விதிகளில் வகுக்கப்பட்டுள்ளது. இம்மடல் உங்கள் கைக்கு வரும்போது அக்கால எல்லை கடந்திருக்கும்.

மருத்துவர் ஏன் முதலில் பார்க்க வேண்டும்? கரு எத்தனை வாரத்தது என்பதைக் கணக்கிட வேண்டும். பெண்ணுக்கு இரத்தசோகை உண்டா என்று அறிய வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கரு கருப்பையில்தான் தங்கியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிலருக்குக் கரு கருக்குழாயிலேயே தங்கிவிடும். அதனை இம்மாத்திரைகள் தீர்ப்பதில்லை. மாத்திரை தின்றாயிற்று, உதிரமும் பட்டாயிற்று என்று வீட்டார் நிம்மதியடைந்திருக்கும் வேளையில் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும்.

2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தவை. அவர்கள் எல்லாருக்கும் கேடு நேர்ந்தது என்று சொல்லவில்லை. கேடு நேர்ந்தபோது எத்தனை பேர் அருகில் துணையின்றி, வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிக் கிடந்திருப்பர் என்பதே என் கவலை.

எந்த வீட்டிலேனும் ஒரு பெண் இம்மாத்திரையை ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், இதனை மனத்தில் இருத்துங்கள். தடித்த அணையாடைகள் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சலும் குளிரும் கண்டாலோ, தாங்கவியலாத வயிற்றுவலி எழுந்தாலோ, தலைசுற்றி மயங்கினாலோ, உடனே 108 ஊர்தியை அழையுங்கள். மருத்துவரிடம் உண்மையை மறைக்காதீர்கள். அவருக்கு உண்மை தெரிந்தால்தான் சிகிச்சை பொருந்தும். நம் கத்தோலிக்க மருத்துவமனைகளில் கருக்கலைப்புச் செய்வதில்லை. ஆயினும் உதிரப்போக்குடன் வருகிற பெண்ணைக் காப்பாற்றுவது அங்கும் கடமையே.

சட்டம் சொல்வது

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம் என்றது; கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. திருட்டுத்தனமான கருக்கலைப்பால் பெண்கள் மடிவதைக் கண்டு, 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் மருத்துவ வழிக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2021இல் அது பெரிதும் திருத்தப்பட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அதன் 88ஆம் பிரிவிலும் கருக்கலைப்புக் குற்றமாகவே நிற்கிறது. ஆகவே பலர் எண்ணுவது போல இந்நாட்டில் கருக்கலைப்பு எவ்வித வரம்புமின்றி அனுமதிக்கப்படவில்லை. குற்றம் என்ற பொதுவிதிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விலக்குகளே உள்ளன. அவை வருமாறு:

20 வாரங்கள் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்துப் போதும். கரு தொடர்ந்தால் தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவளுடைய உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ கடுமையான கேடு, அல்லது பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு ஏற்படக்கூடும் என்று அவர் நல்லெண்ணத்துடன் கருத வேண்டும். கற்பழிப்பால் உண்டான கருவும், கருத்தடை முறை தவறியதால் உண்டான கருவும் மன நலத்துக்குக் கடுமையான கேடு விளைப்பவை என்று சட்டம் கொள்கிறது. பழைய சட்டத்தில் இப்பின்னதைத் திருமணமான பெண்ணுக்கே சொல்லியிருந்தார்கள். 2021இல் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது.

20 முதல் 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதுவும் சில வகைப் பெண்களுக்கே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கருவுற்றிருக்கையில் கணவரை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர், உடல் ஊனமுற்றவர், மனநோயுற்றவர், கருவில் கடுங்குறைபாடு காணப்பட்டவர், பேரிடர்ச் சூழலில் சிக்கியவர் ஆகியோரை விதிகள் குறிப்பிடுகின்றன. மணமாகாத பெண்ணை இவ்வகையிலிருந்து ஒதுக்கலாகாது என்று 2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

24 வாரங்களுக்குப் பின், கருவில் பெருங்குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தாலன்றி அனுமதி இல்லை. உடனடியாகச் செய்யாவிடில் தாய் இறந்துவிடுவாள் என்ற நிலையில் மட்டும் வார வரம்பு பொருந்தாது. 2023 அக்டோபரில் இரு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண் உச்ச நீதிமன்றத்தை நாடினார். கைக்குழந்தைக்குப் பாலூட்டி வந்த காலத்தில் மாதவிலக்கு வராததால், கருவுற்றதையே அவர் காலங்கடந்துதான் அறிந்தார். கரு 26 வாரத்தைக் கடந்திருந்தது. நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. பாலூட்டும் காலத்தில் கரு தங்காது என்று நம்பியிருக்கும் நம் இளந்தாய்மார் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

எங்கே செய்யலாம்? அரசு மருத்துவமனையிலோ, இதற்கென அரசின் ஒப்புதல் பெற்ற தனியார் மருத்துவமனையிலோ மட்டுமே. உரிய பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லாத ஒருவர் செய்தால் அவருக்கு 2 முதல் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன், அம்மா. உங்கள் மகள் 18 வயது நிரம்பியவள். சட்டப்படி அவளுடைய சம்மதம் ஒன்றே தேவை. தந்தை, அண்ணன், கணவர் எவருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்று மேற்சொன்ன தீர்ப்பும் கூறுகிறது. அவளுடைய பெயரையோ விவரத்தையோ மருத்துவர் வெளியிடுவது குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சட்டம் வகுத்த வழியில் மருத்துவரிடம் செல்கிற பெண்ணைத் தேடிப் போலீசார் வருவதில்லை.

அவள் 18 வயதுக்கு உட்பட்டவளாக இருந்திருப்பின் நிலை வேறு. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சிறுமியொருத்தி கருவுற்றிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஒரு குற்றம் நிகழ்ந்ததைக் காட்டுவதால், அதனை அறிந்தவர் போலீசாருக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்கு அஞ்சியே பல பெற்றோர் சிறுமிகளைப் போலி வைத்தியர்களிடம் இழுத்துச் செல்கின்றனர். சிறுமியும் பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால், கருக்கலைப்புக்காக அளிக்கும் அத்தகவலில் மருத்துவர் சிறுமியின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிசெய்திருக்கிறது. மறைப்பதால் பயனடைபவன் அவளைக் கெடுத்தவனே.

சட்டத்தின் மற்றொரு முகத்தையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். பெண்ணின் சம்மதமின்றி அவள் கருவைக் கலைப்பது மிகக் கொடிய குற்றம். ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். "இப்போது பிள்ளை வேண்டாம்" என்று கணவன் மிரட்டுவதும், "மானம் போகிறது, கலைத்துவிடு" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுப்பதும் அவள் சம்மதம் ஆகிவிடா. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இக்குற்றம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இல்லவே இல்லை என்று மார்தட்ட எனக்குத் துணிவில்லை.

திருச்சபை சொல்வது

நாட்டின் சட்டம் அனுமதிப்பது அனைத்தும் அறமாகிவிடாது. கருவில் உருவான கணத்திலிருந்தே மனித உயிர் மதிக்கப்பட வேண்டும்; அதனை வேண்டுமென்று அழிப்பது பெரும் பாவம் என்பதே திருச்சபையின் மாறாத போதனை. இதனை மழுப்பிச் சொன்னால் நான் உங்களுக்கு உண்மையாயிரேன். உங்கள் மகளின் வயிற்றில் இருப்பது உங்கள் பேரக்குழந்தை.

ஆயினும் திருச்சபை சொல்வது இவ்வளவே என்று பலர் நினைத்துக்கொள்வதால் அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவால் குழாய் வெடிக்கும் நிலையில், நோயுற்ற அக்குழாயை அகற்றித் தாயைக் காப்பது பாவம் ஆகாது. கருப்பைப் புற்றுநோய்க்கான அறுவைக்கும் இதுவே பொருந்தும். அங்கே குழந்தையின் இறப்பு முன்னறியப்பட்ட துயரமே அன்றி, நாடப்பட்ட நோக்கமன்று. தானாகவே கரு கலைந்து, பின்னர் மருத்துவமனையில் கருப்பையைச் சுத்தம் செய்துகொண்ட தாய்மார் சிலர், தாம் ஏதோ பாவம் செய்துவிட்டதாக ஆண்டுக்கணக்கில் மருகுகின்றனர். சகோதரிகளே, அது பாவமே அன்று. அது ஓர் இழப்பு. அதற்காக நீங்கள் அழலாம், அஞ்ச வேண்டியதில்லை.

தெரிந்தே கருக்கலைப்புச் செய்வோருக்குத் திருச்சபைச் சட்டத்தின் 1397ஆம் விதி, தானாகவே விழும் சபை விலக்குத் தண்டனையைக் கூறுகிறது. அது பெண்ணை மட்டும் சாராது. அவர்கள் துணையின்றிக் காரியம் நடந்திராது எனும்படி உடன்பட்டவர்களையும் சாரும். பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவளைக் கைவிட்டவனும் மாத்திரை வாங்கிக் கொடுத்தவனும் முன்வரிசையில் அமர்ந்திருப்பது நம் வழக்கம். திருச்சபைச் சட்டம் அவ்வழக்கத்தை ஏற்கவில்லை. 16 வயது நிரம்பாதவரை எத்தண்டனையும் சாராது. 18 வயது நிரம்பாதவர், கடும் அச்சத்தால் உந்தப்பட்டவர், இத்தகைய தண்டனை உண்டு என்பதையே தம் தவறின்றி அறியாதவர் ஆகியோர்மேல் அது தானாக விழுவதில்லை.

பெற்றெடுக்கத் துணிந்தால்

மகள் குழந்தையைப் பெற்றெடுக்க விரும்பினால் அவளுக்கு என்ன வழி? "கலைக்காதே" என்று சொல்கிறவர்கள் இக்கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

மணமாகாத தாய் தன் பிள்ளைக்குத் தானே பாதுகாவலராகலாம். தந்தையின் பெயரைச் சொல்லும்படி அவளை வற்புறுத்தலாகாது என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரு கிறிஸ்தவத் தாய் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. பிறப்புச் சான்றிதழையும் தாயின் பெயரில் பெறலாம் என்று அத்தீர்ப்புக் கூறுகிறது. கைவிட்டுச் சென்றவனிடமிருந்து பிள்ளைக்குப் பராமரிப்புச் செலவைக் கோரவும் உரிமை உண்டு. பெற்றோர் மணம் புரியவில்லை என்பது அவ்வுரிமைக்குத் தடையன்று. இதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். அதன் தொலைபேசி எண் 15100. மிரட்டலுக்கோ அடிக்கோ உள்ளான பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

வளர்க்க இயலாத நிலையெனில், குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையைச் சட்டப்படி ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பின்னும் மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பின்னரே குழந்தை தத்துக்கு உரியதாகும். 1098 என்ற எண்ணில் வழிமுறை கேட்கலாம். கைக்குக் கை மாற்றிக் கொடுப்பதும், பணம் பெற்றுக் கொடுப்பதும் குற்றங்கள், அவற்றுக்கு உடன்படாதீர்கள்.

கோயிலில் என்ன சொல்வார்கள் என்று அஞ்சுகிறீர்கள். மணமாகாத தாயின் குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு. அக்குழந்தையைப் பதிவேட்டில் எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்கே திருச்சபைச் சட்டத்தில் 877ஆம் விதி இருக்கிறது. விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கையே வேண்டுவது.

இன்னொன்று. ஊர் வாயை மூடுவதற்காக அவசர அவசரமாக ஒரு திருமணத்தை முடித்துவைக்கும் எண்ணம் உங்கள் வீட்டில் எழக்கூடும். அந்த இளைஞன் மனம் திரும்பி வந்தாலும், வேறொருவனைத் தேடினாலும், இருவரும் மனமுவந்து சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். வன்முறையாலும் கடும் அச்சத்தாலும் பெறப்பட்ட சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கும் என்பது 1103ஆம் விதி. ஒரு துன்பத்தை மூட மற்றொரு துன்பத்தைப் பந்தலிட்டு அழைக்க வேண்டாம்.

ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும் சிலருக்கு இப்பொருள் பிறர் வீட்டுக் கதையன்று. பத்து ஆண்டுகளுக்கு முன்போ, நாற்பது ஆண்டுகளுக்கு முன்போ நிகழ்ந்ததை நெஞ்சின் அடியில் புதைத்து, ஒவ்வொரு முறை நற்கருணைக்குச் செல்லும்போதும் கால் தடுமாறுகிற தாய்மாரும் தந்தையரும் நம்மிடையே உண்டு. 1995இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், இத்தகைய பெண்களை நேராக விளித்து, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று பேசினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இப்பாவத்திலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். முன்போல ஆயரின் தனி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கில் சொல்ல நா எழவில்லையெனில், அறியாத ஊரின் அறியாத குருவிடம் செல்லுங்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் எக்காரணத்தாலும் மீறப்படலாகாதது.

வீடு சொல்ல வேண்டியது

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நெடுநேரம் படிக்க விடாமல் நிறுத்தியது. "அவள் சொன்னதைவிட, இரண்டு மாதம் சொல்லாமல் எப்படி இருந்தாள் என்பதே எனக்கு ஆறவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதங்களில் அவள் எத்தனை முறை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்கு "சாப்பிட்டேன்" என்று விடை சொல்லியிருப்பாள்! அவளை அவ்வாறு ஊமையாக்கியது எது? அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இத்தகைய நிலை நேர்ந்தபோது நம் வீட்டுத் திண்ணையில் நாம் பேசிய பேச்சு, அவள் சிறு வயதிலேயே அவள் செவியில் விழுந்திருக்கும். தனக்கு நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நம் பங்குகளில் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் நோயாளிகளைச் சந்திக்கின்றன. வறியவருக்கு அரிசி கொடுக்கின்றன. ஐந்தாம் முறை கருவுற்ற ஓர் ஏழைத் தாயின் வீட்டுக்கும், மணமாகாமல் கருவுற்ற ஒரு பெண்ணின் வீட்டுக்கும் அதே சபையார் அதே முகத்துடன் செல்வார்களாயின், எத்தனையோ உயிர்கள் தப்பும். கருவைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. பேறுகாலத்துக்கு மருத்துவமனையில் உடனிருப்பதும், நாற்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக முன்வருவதும் கடினம். மேடைப் பேச்சை அந்தப் பெண் நம்புவதற்கு இந்தக் கடினமான பணிகளே சாட்சி.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. நாளைக்கே மகளை அழைத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த முடிவாயினும் அவள் உடல் நிலையை அறிவதே முதற்படி. நாள் கடத்தாதீர்கள், வாரங்கள் செல்லச் செல்லச் சட்டத்தின் வழியும் மருத்துவத்தின் வழியும் குறுகும். இரண்டாவது, உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சினந்தெழுவார் என்று அஞ்சினால், அவர் மதிக்கும் ஒரு பெரியவரையோ பங்குத் தந்தையையோ அருட்சகோதரி ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மகளின் துன்பத்தைத் தந்தையிடமிருந்து மறைத்து வைக்கும் வீட்டில் அவளால் துணிவு பெற இயலாது.

மூன்றாவது, மகளிடம் இன்றிரவே சொல்ல வேண்டியது. அவள் குழந்தையைப் பெற்றெடுக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமாயின், என் விருப்பமும் அதுவே. அதனைக் கட்டளையாக அன்றி, உறுதிமொழியாகச் சொல்லுங்கள். "நீ பெற்றால் நான் தூக்கி வளர்ப்பேன்; ஊர் சிரித்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும்" என்று சொல்லுங்கள். அவள் வேறு முடிவெடுத்தாலும், அதன் பின்னும் அவள் உங்கள் மகளே. திரும்பி வர வீட்டின் கதவு திறந்திருக்கும் என்பதையும் அவள் அறியட்டும். சட்டம் அவளுக்கு மருத்துவமனையின் கதவைக் காட்டும். அந்தக் கதவு வரை கைபிடித்து உடன் நடப்பதைச் சட்டத்தால் செய்ய இயலாது.

வாசலோரம் நின்ற அந்தச் சகோதரியின் கடைசிப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தெட்டு வயதிருக்கும். தாயின் முகம் அவருக்கு நினைவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். உங்கள் மகளுக்கு அந்நிலை வாராதிருக்க வேண்டும் என்றே இதனை எழுதினேன். அடுத்த கடிதத்தில் பெயர் எழுதாவிட்டாலும், "மருத்துவரிடம் சென்றோம்" என்ற ஒரு வரியை மட்டும் எழுதுங்கள், அம்மா. காத்திருப்பேன்.